செல்வராசா என்னும் இந்துப் பிரதிநிதி

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை போல இருக்கும். எழுத்துப்பிழையும் நிறைய வரும். அதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிறகு எழுதியதெல்லாம் படிவங்கள்தான்: பெயர், பிறந்த திகதி, கையொப்பம். றகரத்துக்கும் ரகரத்துக்கும் எந்த இடம் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இதைத் தட்டச்சு செய்யப்போகும் ஜெனிற்றா திருத்திக்கொள்வார் என்று நம்புகிறேன்.

நான் விட்ட வேலைக்கு இப்போது வந்திருப்பவர்தான் ஜெனிற்றா. எங்கள் நாட்டின் வடக்கே தீவுப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். போன மாதம் தொலைபேசி எடுத்து, அங்குள்ள அலுவலகத் தலைவி தொத்தொரேசாவைப் பற்றிக் கேட்டார்.

"செல்வராசா அண்ணை, தொத்தொரேசா என்னைப் பாத்து நீங்கள் பௌத்தமோ எண்டு கேக்கிறா. நான் என்ன சொல்லுறது?"

"நீர் என்ன சொன்னனீர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. சிரிச்சனான்."

"சிரிச்சனீரோ? அப்ப நீர் பௌத்தம்தான். இந்நேரம் பட்டியலிலை ஏத்தியிருப்பா."

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார். நடந்ததைச் சொன்னேன். "அண்ணை, இதை எழுதித் தாங்கோ, எங்கட கோயில் பங்கு மலரிலை போடுவம்" என்றார். ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன் நான். எழுதுவது அதைவிடப் பரவாயில்லை. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தில் நான்கு கோடைகாலம் கோப்பை கழுவினேன். பிறகு ஒரு வயதான சிஞ்ஞோரா அம்மாவை அவர் கண் மூடும்வரை பார்த்துக்கொண்டேன். அதன் பிறகு துப்புரவுச் சங்கம் ஒன்று என்னை எடுத்து ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. அதன் பெயரை எழுதவில்லை. அங்கே பன்னிரண்டு வருடம் வேலை செய்தேன். முழங்கால் இரண்டும் போனதால், ஐம்பத்தெட்டு வயதில் வைத்தியர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் பொறுப்பில் ஏழு கழிவறை, இரண்டு நடை, ஒரு அமைதி அறை. கழிவறைகளில் எனக்குப் பிரச்சினை வந்ததே இல்லை.

அமைதி அறை என்பது எல்லாச் சமயத்து மாணவரும் வந்து வழிபடுவதற்கான ஒரே அறை. முன்பு அது போட்டோக்கொப்பி எடுக்கும் அறையாக இருந்தது. எவ்வளவு சாம்பிராணி போட்டாலும் மை மணம் போகாது. சாம்பிராணி போடவும் கூடாது. புகை கண்டால் கத்தும் கருவி கூரையில் இருந்தது. நெருப்புப் பற்ற வைப்பதென்றால் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும். அதனால் எல்லாச் சமயத்துக்கும் மின்கலத்தில் எரியும் ஒரே மெழுகுதிரிதான். மின்கலம் மாற்றுவது என் வேலை.

புதன்கிழமை மத்தியானம் பூசை. சுவரில் இருக்கும் சிலுவையின் முன்னால் ஒரு திரைச்சீலை தொங்கும். கயிற்றை இழுத்துத் திரையை விலக்குவேன். பூசை முடிந்ததும் மூடுவேன். வியாழக்கிழமை தியான வகுப்பு. பன்னிரண்டு பாய் விரிப்பேன். பேராசிரியர்கள் படுத்துத் தியானம் செய்வார்கள், சிலர் குறட்டையோடு. வெள்ளிக்கிழமை அந்தப் பாய்களைச் சுருட்டிவிட்டுத் தொழுகைக்குக் கம்பளம் விரிப்பேன். மக்கா இருக்கும் திசைக்குச் சுவரில் ஓர் அம்புக்குறி ஒட்டியிருந்தார்கள். முதலில் அது பச்சை நிறம். தீயணைப்புச் சோதனைக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, பச்சை அம்பு என்றால் வெளியேறும் வழி, தீப்பிடித்தால் சனம் எல்லாம் மக்காவை நோக்கி ஓடிச் சுவரில் மோதும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அம்பை மண்ணிறமாக மாற்ற மூன்று கூட்டம் நடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைத் திரையை மூட மறந்துவிட்டேன். தொழுகை நடத்தும் துனீசிய மாணவனிடம் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிலுவையைப் பார்த்தான், கைமணிக்கூட்டைப் பார்த்தான். "இருக்கட்டும். அவரும் எங்களுக்கு நபிதான். எனக்கு ரெண்டு மணிக்கு சோதினை" என்றான். அந்த அறைக்கு வந்துபோன மாணவர் எல்லாரும் இப்படித்தான் இருந்தார்கள். அறையால் துன்பப்பட்டது அதை நடத்தியவர்கள்தான்.

அதை நடத்தியவர் தொத்தொரேசா. பட்டம் பெற்ற பெண்களை இங்கே அப்படித்தான் அழைக்க வேண்டும். சமய உரையாடல் அலுவலகத்தின் தலைவி அவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. பேசும்போது நம்முடைய முழங்கையை மெல்லத் தொடுவார், தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். 'உரையாடல்' என்ற சொல் வரும்போது கண்ணை மூடுவார். அவர் கண்ணை மூடியிருக்கும் நேரத்தில்தான் மற்றவர்கள் கைத்தொலைபேசியைப் பார்ப்பார்கள். "நாங்கள் எல்லாரும் சேர்ந்து" என்று அவர் தொடங்கினால், கதிரை தூக்கப்போவது நான் என்று அர்த்தம்.

நான் இந்துவானது முதல் வருடத்தில். உரையாடல் நாள் என்று ஆண்டுக்கொரு விழா, கார்த்திகை மாதத்தில் நடக்கும். ஒவ்வொரு சமயத்துக்கும் ஒரு பிரதிநிதி வந்து ஒரு மெழுகுதிரியை ஏற்ற வேண்டும், அதாவது அதன் மின் ஆளியை அமுக்க வேண்டும். அந்த வருடம் இந்துக்களுக்கு ஆள் இல்லை. நான் நடையில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். தொத்தொரேசா வெளியே வந்து என்னைப் பார்த்தார். (அவர் இத்தாலிய மொழியில் பேசியதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.)

"செல்வராசா, நீங்கள் ஸ்ரீலங்கா என்ன?"

"ஓம்."

"தமிழ்?"

"ஓம்."

"அப்ப இந்து!"

அந்த நாளில் எனக்கு இத்தாலிய மொழியில் தடக்காமல் வந்த ஒரே சொல் 'ஸி', அதாவது எங்கள் 'ஓம்'. அதையே சொன்னேன். என் ஞானஸ்நானப் பெயர் பேதுரு. கடவுச்சீட்டில் அது இல்லை. சட்டைக்குள் மாதா பதக்கம் தொங்கியது, ஆனால் பொத்தான் பூட்டியிருந்தது. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் பெயர் அச்சில் வந்துவிட்டது. வேலை ஒப்பந்தமும் அந்த மாதம்தான் புதுப்பிக்க இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு காவிச் சால்வை போர்த்தினார்கள். கையைக் கூப்பினேன். எல்லாரும் எனக்குக் கையைக் கூப்பினார்கள். துணை வேந்தர் குனிந்து கூப்பியதில் அவருடைய கண்ணாடி விழுந்தது.

அடுத்தடுத்த வருடங்களில் தீபாவளியும் வந்து சேர்ந்தது. கோலம் போடச் சொன்னார்கள். பல்லரோச் சந்தையில் உப்பும் சாயப்பொடியும் வாங்கி வந்து, எனக்குத் தெரிந்த ஒரே கோலத்தைப் போட்டேன். அது நற்கருணைப் பவனிக்கு எங்கள் ஊர்க் கோயில் வாசலில் போடுவது. நடுவில் வட்டமான அப்பம், அதைச் சுற்றிக் கதிர். "இது என்ன?" என்று தொத்தொரேசா கேட்டார். "சூரியன்" என்றேன். "எவ்வளவு பழைய சின்னம்! ஐயாயிரம் வருசமிருக்கும்!" என்று கண்ணை மூடினார். அறையில் பூசை வைக்கும் கிழக் குருவானவர் தொன் மிம்மோ பக்கத்தில் நின்றார். கோலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூக்கைச் சிந்துவது போலக் கைலேஞ்சியால் வாயை மூடிக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய்ச் சமயம் சொன்னேன் என்று அழுதேன்.

"எத்தினை தரம்?"

"ஐஞ்சு வருசம், சுவாமி."

"அந்தக் கூட்டங்களுக்கும் போய் இருந்தனீரோ?"

"ஓம் சுவாமி. எல்லாத்துக்கும்."

"அப்ப தவம் முடிஞ்சுது. போம்" என்றார்.

அப்படியே வருடங்கள் போயின. அறைக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது, பளபளக்கும் தாளில். கத்தோலிக்கம்: தொன் மிம்மோ. இந்து சமயம்: திரு. செல்வராசா, காலை வேளைகளில். யாரும் அதைப் படிப்பதில்லை என்றே நினைத்திருந்தேன்.

பதினோராம் வருடம், உரையாடல் நாளுக்கு முதல்நாள் காலை, ஒரு பெண் பிள்ளை அதைப் படித்துக்கொண்டு நின்றாள். வாளியோடு வந்த என்னைப் பார்த்து, "செல்வராசா ஐயா எங்கை இருப்பார்?" என்று தமிழில் கேட்டாள். கோயில் குருக்களை எங்கள் சனம் ஐயா என்றுதான் சொல்லும்.

"நான்தான்."

அவள் வாளியைப் பார்த்தாள். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பெயர் தர்சிகா, ஊர் கிளிநொச்சி, விவசாயம் படிக்க வந்தவள். விடியப்புறம் அவளுடைய தகப்பன் இறந்துவிட்டார். உழவு இயந்திரம் ஓட்டுகிறவர். நெஞ்சு வலி.

"நாளைக்கு எடுக்கினம் ஐயா. இண்டைக்கு வெளிக்கிட்டாலும் போய்ச் சேர ஏலாது. இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவும் புதுப்பிக்கக் குடுத்து கெஸ்தூராப் பொலிசிலை கிடக்கு. இப்ப போனால் திரும்பி வர விடமாட்டினம்." அவள் அழாமல் ஒப்புவிப்பது போலச் சொன்னாள். "நான் ஒரே பிள்ளை. போனிலை காட்டுறம் எண்டவை. பல்லரோவிலை ஒரு அறைக்குள்ளை நாலு பேர் இருக்கிறம், அங்கை இருந்து பாக்க ஏலாது. காலமை இந்த அறை வேணும். நீங்களும் பக்கத்திலை இருந்து, என்ன செய்யோணும் எண்டு சொல்லித் தரோணும். எனக்கு ஒண்டும் தெரியாது."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. படிவத்தை எடுத்தேன். வெட்கப்படுகிறவன் படிவத்துக்குப் பின்னால்தான் ஒளிவான்.

"பிள்ளை, அறை எடுக்கிறதெண்டால் பதினைஞ்சு நாளைக்கு முதல் எழுதிக் குடுக்கோணும் எண்டு இதிலை கிடக்கு."

"அப்பா பதினைஞ்சு நாளைக்கு முதல் அறிவிச்சுப்போட்டுச் சாகேல்லை ஐயா" என்றாள்.

படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். "ஆறு மணிக்கு வா" என்றேன்.

மறுநாள் இருட்டு விலகும்போது வந்தாள். தலை முழுகியிருந்தாள். ஆய்வுகூடத்தில் போடும் வெள்ளை மேலங்கியைப் போட்டிருந்தாள். "வெள்ளை உடுப்பு வேறை இல்லை" என்றாள். நான் ஏணி வைத்து ஏறி, புகைக் கருவிக்கு ஒரு இறப்பர்க் கையுறையை மாட்டிக் கட்டினேன். ஐந்து விரலும் கீழே தொங்கப் பசு மடி போல இருந்தது. அதற்காகவே வேலையை விட்டுத் தூக்கலாம். கோப்பிக் கோப்பை ஒன்றில் ஒலிவ் எண்ணெய் விட்டு, தரை துடைக்கும் புதுத் துடைப்பத்தில் நூல் பிடுங்கித் திரி திரித்து, உண்மையான விளக்கு ஏற்றினேன். அந்த அறையில் எரிந்த முதல் நெருப்பு அதுதான்.

தொலைபேசியை மேசையில் சாய்த்து வைத்தாள். சிறிய தாயாரின் மகன் சுதன் அங்கே பிடித்துக்கொண்டிருந்தான். பந்தலும் சனமும் தெரிந்தன. குருக்கள் கிரியை செய்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியது போல முகத்தை வைத்துக்கொண்டேன். பதினொரு வருடப் பழக்கம். வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது.

"அக்கா, உங்கட பங்கை நான் போடுறன்" என்றான் சுதன்.

அவள் பையிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்து, அவன் அங்கே போடும்போது இங்கே தொலைபேசிக்கு முன்னால் போட்டாள். மூன்று தரம். சத்தம் போடாமல் அழுதாள்.

ஏழரை மணிக்கு, அங்கே மத்தியானம், பெட்டியைத் தூக்கினார்கள். பெண்களின் குரல் உயர்ந்தது. முற்றம் ஆடியது. படம் நின்றது.

"அக்கா, படலைக்கு வந்திட்டம். பொம்பிளையள் இதோடை நிப்பினம். பெரியம்மாவும் இஞ்சைதான் நிக்கிறா. நான் போனை நிப்பாட்டவோ?"

பின்னால் ஒரு கிழவியின் குரல் கேட்டது: "நிப்பாட்டு தம்பி. பொம்பிளைப் பிள்ளை சுடலைக்குப் போறேல்லை."

தர்சிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயா, நான் போகலாமோ?"

பெட்டி அங்கே தெருவுக்கு ஏறிக்கொண்டிருந்தது. நான் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும்.

"பிள்ளை," என்றேன், தொலைபேசிக்குக் கேட்காதபடி, "நான் ஐயா இல்லை. இவை என்னைப் பட்டியலிலை போட்டிட்டினம், நான் வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன். நான் வேதக்காரன். மன்னார். ஞானஸ்நானப் பேர் பேதுரு. உன்ரை சமயத்திலை ஓமெண்டோ இல்லையெண்டோ சொல்ல எனக்கு உரிமையில்லை."

என் முகத்தில் துப்பியிருக்கலாம். அவள் கண்ணைத் துடைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"உங்கட ஆக்களிலை பொம்பிளையள் சவக்காலைக்குப் போவினமோ?"

"ஓம். எல்லாரும்தான் போறது."

"அழுதுகொண்டோ?"

"அழுதுகொண்டும் போவினம், சண்டை பிடிச்சுக்கொண்டும் போவினம்."

அவள் தொலைபேசியைக் கையில் எடுத்தாள்.

"தம்பி, நிப்பாட்டாதை. நான் வாறன். இஞ்சத்தை ஐயா போகச் சொல்லிப்போட்டார்."

படம் திரும்பவும் அசைந்தது. செம்மண் தெருவும் ஆண்களின் முதுகுகளும் தெரிந்தன. அப்போது அறைக் கதவு திறந்தது. தொத்தொரேசா, அவருக்குப் பின்னால் படம் பிடிப்பவர். அன்றைய உரையாடல் விழா தொடங்குமுன் படம் எடுக்க வந்திருந்தார்கள். விளக்கு, அரிசி, வெள்ளை உடுப்புப் பெண், எல்லாவற்றையும் கண்டார். கை இரண்டும் நெஞ்சுக்குப் போயின.

"எவ்வளவு அழகு! அசையாதைங்கோ! ஒருதரும் அசையாதைங்கோ!"

படம் பிடிப்பவர் கருவியைத் தூக்கினார். நான் போய் அதற்கு முன்னால் நின்றேன். இருவரையும் பின்பக்கமாக நடைக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

"இது நிகழ்ச்சியில்லை தொத்தொரேசா. செத்தவீடு."

"எங்கை?"

"கிளிநொச்சியிலை."

அவர் நடையின் இரண்டு பக்கமும் பார்த்தார். "எத்தினை நிமிசத்திலை முடியும்?"

"சுடலை தூரம்."

"சரி. நீங்கள் இந்துப் பிரதிநிதியாய் உள்ளுக்கை நிண்டு, ஒரே ஒரு படம்…"

"நான் கத்தோலிக்கன்."

"எப்ப தொடக்கம்?"

"பிறந்து எட்டாம் நாள் தொடக்கம்."

முழங்கையைத் தொட வந்த கை பாதியில் நின்றது. நான் துடைப்பத்தைக் கதவுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டேன். பிரதிநிதிகள் ஒவ்வொருவராக மின்கல மெழுகுதிரியோடு வந்தார்கள். துணை வேந்தரும் வந்தார். உள்ளே ஒரு பிள்ளை தகப்பனுக்கு இறுதிக் கிரியை செய்கிறாள் என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். பிறகு யாரும் பேசவில்லை. முக்கால் மணி நேரம் நின்றார்கள். அத்தனை உரையாடல் நாட்களிலும் எல்லாரும் ஒன்றாக அமைதியாக இருந்தது அன்றைக்குத்தான். அதற்கு நிகழ்ச்சி நிரலில் இடமில்லை என்று தொத்தொரேசா மட்டும் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது. "மூட்டியாச்சு" என்றாள். கூட்டத்தைத் தாண்டிப் போனாள். நான் உள்ளே போய் அரிசியைக் கையால் பொறுக்கினேன்.

சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று குற்றம். ஒன்று, பாதுகாப்புக் கருவியை மூடியது. இரண்டு, அனுமதியில்லாமல் நெருப்பு ஏற்றியது. மூன்று, சமயத்தைப் பற்றிப் பிழையான தகவல் கொடுத்து அலுவலகத்தை ஏமாற்றியது. நான் இந்து அல்ல என்று எழுதிக் கையொப்பமிடச் சொன்னார்கள். இட்டேன். பட்டியலிலிருந்து என் பெயரை வெட்டினார்கள், அறையிலிருந்து என்னையும் எடுத்தார்கள். மிச்ச வருடம் முழுவதும் கழிவறைகள் மட்டும். ஆனால் அடுத்த விழாச் சுவரொட்டியில் ஒரு மூடிய கதவும் அதற்கு முன்னால் துடைப்பத்தோடு ஒரு மனிதனும் இருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில் 'அமைதி' என்று போட்டிருந்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். தர்சிகா கழிவறை வாசலுக்கு என்னைத் தேடி வந்தாள். கையில் ஒரு நீளமான பொதி. ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் தாய் கொடுத்து விட்டிருந்தார். பிரித்துப் பார்த்தேன். ஒரு வேட்டி, ஒரு சோடி செருப்பு, ஒரு கறுப்புக் குடை.

"இது என்ன பிள்ளை?"

"முப்பத்தோராம் நாள் ஐயாவுக்குக் குடுக்கிற தானம். அங்கத்தை குருக்களுக்கும் குடுத்தவை. உங்களுக்கும் குடுக்கோணும் எண்டு அம்மா ஒரே பிடியாய் நிக்கிறா."

"நீ இன்னும் சொல்லேல்லையோ?"

"எப்பிடிச் சொல்ல, அங்கிள்?" அவள் என்னை அங்கிள் என்றது அன்றுதான். "பொம்பிளைப் பிள்ளையைச் சுடலைக்கு விட்டது ஆர் எண்டு மாமிமார் அம்மாவோடை சண்டை. இத்தாலிக் கம்பஸ் ஐயா சொன்னவர், அவர் பெரிய கம்பஸிலை பதவியிலை இருக்கிறவர் எண்டு சொல்லித்தான் அம்மா அவையின்ரை வாயை அடைச்சவா. நீங்கள் வேதக்காரர் எண்டு தெரிஞ்சால் அம்மா அந்தச் சனத்துக்கை நிக்க ஏலாது."

"பிள்ளை, நான் இந்து இல்லையெண்டு கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டன்."

"அது இஞ்சை" என்றாள்.

பொதியைத் திருப்பிக் கொடுக்கத்தான் நினைத்தேன். "குடை ஏன்?" என்று கேட்டேன்.

"போற வழியிலை வெயிலாம். இஞ்சை ஐயாவுக்குக் குடுத்தால் அங்கை அப்பாவுக்குப் போய்ச் சேருமாம். வாங்காட்டில் போகாதாம்."

கையைத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

பலெர்மோ. ஒக்டோபர் பன்னிரண்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்த பிறகு எழுதி முடித்தது.